வெளுத்துப்போன பெட்டூனியா

தாவர மரபணுவின் கதை – பகுதி 21

சென்ற பகுதியில், அக்ரோபாக்டீரியம் என்ற மண்வாழ் நுண்ணுயிரின் துணையோடு வேற்று மரபணு ஒன்றைச் செடிக்குள் புகுத்தும் வித்தை 1983இல் மனிதர் கைக்கு வந்ததைப் பார்த்தோம். வித்தை கைக்கு வந்ததும் ஆசையும் வந்தது. ஒரு மரபணு ஒரு நொதியை உண்டாக்குகிறது. அதே மரபணுவில் இன்னொரு பிரதி சேர்த்துக் கொடுத்தால் நொதி கூடும். நொதி கூடினால் விளைவும் கூடும். எண்பதுகளின் கடைசியில் தாவர ஆய்வகங்களில் பெரும்பாலோர் போட்ட கணக்கு இதுதான்.

அந்தக் கணக்கை உடைத்தது ஒரு பூ.

கலிபோர்னியாவின் ஓக்லண்டில் டி.என்.ஏ. பிளான்ட் டெக்னாலஜி என்ற நிறுவனம் இருந்தது. அங்கே கரோலின் நபோலி, கிறிஸ்டின் லெமியூ, ரிச்சர்ட் ஜோர்கென்சன் ஆகிய மூவர் பெட்டூனியாவைக் கையில் எடுத்தார்கள். குளிர்காலத்தில் நம் நர்சரிகளில் தொட்டி தொட்டியாகப் பூத்துக் கிடக்குமே, அந்தப் புனல் வடிவப் பூதான். அதன் ஊதா நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமி. அந்த நிறமி உருவாகும் பாதையின் தொடக்கத்திலேயே நிற்பது சால்கோன் சிந்தேஸ் என்ற நொதி. ஏற்கெனவே ஊதாவாகப் பூக்கும் செடிக்குள் இந்த நொதியின் மரபணுவை, எப்போதும் ஓயாமல் இயங்கும்படி ஒரு விசையைச் சேர்த்து, கூடுதலாகப் புகுத்தினார்கள். ஊதா இன்னும் அடர்த்தியாகும் என்பது எதிர்பார்ப்பு.

செடிகள் வளர்ந்து மொட்டு விட்டன. சில செடிகளில் பூ முழுக்க வெள்ளை. சிலவற்றில் நடுவிலிருந்து விளிம்புவரை வெள்ளைக் கீற்றுகள். சிலவற்றில் வெளிறிய திட்டுகள். கூடுதல் மரபணு பெற்ற செடிகளில் 42 விழுக்காடு வரை இப்படி ஆயின. ஒப்பீட்டுக்காக வளர்த்த நூற்றுக்கணக்கான மற்றச் செடிகளில் ஒன்றுகூட வெளுக்கவில்லை. ஆகவே இது தற்செயல் அல்ல. மரபணுவின் ஆணையைச் சுமந்து செல்லும் செய்தி ஆர்.என்.ஏ.வை அளந்தபோது புதிர் இன்னும் முற்றியது. புதிதாக வந்த மரபணு வேலை செய்யவில்லை என்றால் அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் செடி பிறந்ததிலிருந்து தன்னிடம் வைத்திருந்த சொந்த மரபணுவும் சேர்ந்தே அடங்கிவிட்டது. அதன் செய்தி ஆர்.என்.ஏ. 50இல் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. வந்தவனும் வாய் மூடினான், வீட்டுக்காரனும் வாய் மூடினான்.

இதில் நான் மிகவும் மதிப்பது, அவர்கள் அங்கேயே நின்று கவனித்த ஒரு நுணுக்கத்தை. வெள்ளைப் பூ பூத்த சில செடிகளில், ஏதோ ஒரு கிளை மட்டும் மீண்டும் ஊதாவாகப் பூத்தது. அந்தக் கிளையின் பூவை எடுத்து அளந்தார்கள். இரண்டு மரபணுக்களின் செய்தியும் ஒன்றாகவே திரும்பி வந்திருந்தன. மரபணு அழிந்திருந்தால், சிதைந்திருந்தால், இப்படித் திரும்பியிருக்காது. ஆகவே மரபணு அங்கேயே முழுசாக இருக்கிறது. அதன் பேச்சை மட்டும் யாரோ தடுக்கிறார்கள். அந்தத் தடையைச் செடியால் விலக்கவும் முடிகிறது. இந்த நிகழ்வுக்கு இணை ஒடுக்கம் என்று பெயர் வைத்து, 1990 ஏப்ரலில் ‘தி பிளான்ட் செல்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதே இதழில், அடுத்த பக்கங்களிலேயே, ஆம்ஸ்டர்டாமின் ஃபிரையே பல்கலைக்கழகத்திலிருந்து வான் டெர் குரோல், யோசப் மோல், அன்டூன் ஸ்டூட்யே குழுவினர் எழுதிய கட்டுரை. அவர்களும் பெட்டூனியாவில் மரபணுவைக் கூட்டி, நிறத்தை இழந்திருந்தார்கள். அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் ஒரே நேரத்தில் ஒரே பூ வெளுத்திருந்தது.

தோற்றுப்போன சோதனை என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். அப்படி எத்தனை ஆய்வகங்களில் எத்தனை செடிகள் குப்பைக்குப் போயினவோ. இந்த இரு குழுக்களும் தூக்கி எறியவில்லை. இன்று குறு ஆர்.என்.ஏ. என்று நாம் படிக்கும் பெரும் பாடம் முழுவதற்கும் வாசற்படி அந்த வெள்ளைப் பூக்கள்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

வாசற்படி என்றேன், வாசல் அதற்கும் முன்பே ஒருமுறை திறந்து மூடியிருக்கிறது. 1928இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் எஸ்.ஏ. விங்கார்ட் என்ற தாவர நோயியலர் புகையிலையில் வளையப்புள்ளி வைரஸ் நோயை ஆராய்ந்தார். நோய் தொற்றிய கீழ் இலைகளில் வளையம் வளையமாகத் திசு கருகியது. அதற்கு மேலே புதிதாக விட்ட இலைகளிலோ அறிகுறி குறைந்துகொண்டே போய், உச்சி இலைகள் நல்ல ஆரோக்கியத்தோடு விரிந்தன. தேறிய இலையில் அதே வைரஸை மீண்டும் தேய்த்தாலும் நோய் வரவில்லை. நமக்கு அம்மை போட்டுத் தேறினால் எதிர்ப்பு வருவது இரத்தத்தில் உள்ள அணுக்களால். செடிக்கு இரத்தம் ஏது? அன்று யாரிடமும் பதில் இல்லை. அந்தப் புதிர் எழுபது ஆண்டுகள் விளக்கம் இல்லாமல் கிடந்தது.

இரண்டு புதிர்களும் ஒன்றுதான் என்ற சந்தேகம் 1993இல் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முளைத்தது. பில் டோகர்ட்டியும் ஜான் லிண்ட்போவும் புகையிலைச் செடிக்குள் புகையிலை எட்ச் வைரஸின் உறைப் புரத மரபணுவைப் புகுத்தியிருந்தார்கள். வைரஸின் புரதம் செடிக்குள் முன்பே இருந்தால் அது வைரஸுக்கு இடைஞ்சல் செய்யும் என்பது அக்காலக் கருத்து. அதைச் சோதிக்க, புரதமே உண்டாக முடியாதபடி மாற்றிய மரபணுவையும் தனியே புகுத்திப் பார்த்தார்கள். புரதம் இல்லாத அந்தச் செடிகளும் வைரஸை எதிர்த்தன! அப்படியானால் காவல் காப்பது புரதம் அல்ல, ஆர்.என்.ஏ. இன்னும் சில செடிகள் முதலில் நோயுற்று, மூன்று முதல் ஐந்து வாரங்களில் தேறின, விங்கார்டின் புகையிலையைப் போலவே. தேறிய இலையில் அதே வைரஸ் மீண்டும் ஏறவில்லை. உறவுக்கார வைரஸான உருளைக்கிழங்கு ஒய் வைரஸோ தாராளமாக ஏறியது. அதாவது செடி எழுத்துக்கு எழுத்து பார்த்து ஆளை அடையாளம் காண்கிறது. தேறிய இலைகளில், தாங்கள் புகுத்திய மரபணுவின் செய்தியும் குறைந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். ஒரு நொதி அந்த ஆர்.என்.ஏ.வைப் பார்த்து எதிர் இழைத் துண்டுகளை நகலெடுக்கிறது, அந்தத் துண்டுகள்தான் இலக்கைக் காட்டிக்கொடுக்கின்றன என்று ஓர் ஊகத்தையும் எழுதிவைத்தார்கள். அது ஊகமாகவே ஆறு ஆண்டுகள் நின்றது.

1994இல் ஆம்ஸ்டர்டாம் குழு வெள்ளைப் பெட்டூனியாவின் உட்கருவைப் பிரித்தெடுத்துப் பார்த்தது. அங்கே மரபணு வழக்கம்போல் படியெடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. படி எடுத்தபின், வெளியே, அது அழிக்கப்படுகிறது. அதே ஆண்டில் ஜெர்மனியின் மார்டின்ஸ்ரீடில் மிகைல் வாசெனெக்கர் வேறொன்றைக் கண்டார். செடிக்குள் பெருகும் வைராய்டு என்ற வெற்று ஆர்.என்.ஏ., தன் எழுத்துகளை ஒத்த டி.என்.ஏ. எங்கே இருந்தாலும் அதன்மேல் மெத்தில் முத்திரை விழும்படி செய்தது. டி.என்.ஏ. ஆணையிட, ஆர்.என்.ஏ. எடுத்துச் செல்லும் என்று படித்தவர்களுக்கு, ஆர்.என்.ஏ. திரும்பி வந்து டி.என்.ஏ.வுக்கு முத்திரை குத்துவது அதிர்ச்சியாக இருந்திருக்கும்.

ஒட்டுக் கட்டிய செடிகள் கொண்டு வந்த சேதி அதைவிட வியப்பானது. பிரான்சின் வெர்சாயில், எர்வே வோஷெரேயின் குழு நைட்ரேட் ரிடக்டேஸ் என்ற நொதியின் மரபணு அடங்கிப்போன புகையிலைகளை வளர்த்தது. அந்த நொதி இல்லாவிட்டால் செடியால் நைட்ரேட்டைப் பயன்படுத்த முடியாது. இலை மஞ்சளாக வெளிறும். ஆகவே ஒடுக்கம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடங்கிய செடியை அடித்தண்டாக வைத்து, அதன்மேல் அடங்காத பச்சைச் செடியை ஒட்டினார்கள். சில வாரங்களில் மேல்செடியும் வெளிறியது. ஒட்டிய செடிகள் எல்லாவற்றிலும் இதே கதை. நடுவில் சாதாரணச் செடியின் தண்டை 30 சென்டிமீட்டர் வரை இடையே வைத்தாலும் சேதி அதைக் கடந்து மேலே போய்ச் சேர்ந்தது. 1997இல் வெளியான இந்த முடிவு, செடியின் உடம்புக்குள் ஏதோ ஒன்று ஊர்ந்து போகிறது, அது குறிப்பிட்ட ஒரு மரபணுவின் அடையாளத்தைச் சுமந்து போகிறது என்று நிலைநாட்டியது. குறிப்பிட்ட மரபணுவை அடையாளம் காட்டக்கூடிய பொருள் ஆர்.என்.ஏ.வாகத்தான் இருக்க முடியும்.

அதே ஆண்டில் இங்கிலாந்தின் நாரிச் நகரில், செயின்ஸ்பரி ஆய்வகத்தில் டேவிட் பால்கோம்பின் குழு இதைக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகவே காட்டியது. நிக்கோடியானா பெந்தாமியானா என்ற ஆஸ்திரேலியப் புகையிலை இனத்தில், கடல் ஜெல்லிமீனின் ஒளிரும் பச்சைப் புரதத்தின் மரபணு இருந்தது. புற ஊதா விளக்கின் கீழ் செடி முழுக்கப் பச்சையாக ஒளிரும். புரதம் இல்லாத இடத்தில் பச்சையத்தின் சொந்த ஒளி சிவப்பாகத் தெரியும். ஒரே ஓர் இலைக்குள் அதே மரபணுவைச் சுமந்த அக்ரோபாக்டீரியத்தை ஊசிக்குழலால் செலுத்தினார்கள். நாட்கள் செல்லச் செல்ல, யாரும் தொடாத மேல் இலைகளில் நரம்புகளை ஒட்டிச் சிவப்பு பரவத் தொடங்கியது. நரம்பிலிருந்து இலைப்பரப்புக்கு, அங்கிருந்து குருத்துக்கு. இயற்கையான வைரஸ் தொற்றிலிருந்து செடி தேறுவதும் இதே வழியில்தான் என்றும் அந்தக் குழு அவ்வாண்டே காட்டியது. விங்கார்டின் புகையிலைக்கு விடை வந்துசேர்ந்தது.

செடிக்குக் காவல் இருந்தால் வைரஸ் சும்மா இருக்குமா? 1998இல் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் விக்கி வான்ஸின் குழுவில் ஆர். ஆனந்தலட்சுமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரையும், ஜேம்ஸ் கேரிங்டன் குழுவின் கட்டுரையும், நாரிச் குழுவின் கட்டுரையும் அடுத்தடுத்து வந்தன. வைரஸ்கள் இந்த ஒடுக்கத்தையே ஒடுக்கும் புரதங்களை வைத்திருக்கின்றன என்பதே மூன்றும் சொன்னது. பகைவன் பூட்டுக்கு மாற்றுச்சாவி செய்து வைத்திருக்கிறான் என்றால் அந்தப் பூட்டு எவ்வளவு பழையதாக இருக்க வேண்டும்!

இங்கே ஒரு புழுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1998 பிப்ரவரியில் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில், ஒற்றை இழை ஆர்.என்.ஏ.வைவிட இரட்டை இழை ஆர்.என்.ஏ. மரபணுவைப் பல மடங்கு வலுவாக அடக்குகிறது. ஒரு செல்லுக்கு ஒருசில மூலக்கூறுகளே போதும். தூண்டுகோல் எது என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. அதே ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் பீட்டர் வாட்டர்ஹவுஸ், மைக்கேல் கிரஹாம், மிங்-போ வாங் ஆகியோர் புகையிலையில் இதையே காட்டினார்கள். ஒரு வைரஸ் மரபணுவின் நேர் இழையும் எதிர் இழையும் ஒரே செடியில் சேர்ந்தால்தான் வலுவான எதிர்ப்பு வந்தது.

ஆனாலும் நடுவில் ஒரு கண்ணி காணவில்லை. நீண்ட இரட்டை இழை எப்படி ஒரு குறிப்பிட்ட செய்தியைத் தேடிப் பிடிக்கிறது? வழிகாட்டி எங்கே?

அதைத் தேடியவர் பால்கோம்பிடம் வேலை செய்த ஆண்ட்ரூ ஹாமில்டன். அவர் முன்பு நாட்டிங்காமில் டான் கிரியர்சனின் குழுவில், தக்காளியைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு உருவாகத் தேவையான நொதியின் மரபணுவை ஆராய்ந்தவர். ஆகவே கைக்குப் பழகிய தக்காளியையே எடுத்தார். அந்த மரபணுவைக் கூடுதலாகப் பெற்ற ஐந்து தக்காளி வரிசைகள் இருந்தன. இரண்டில் இணை ஒடுக்கம் நடந்திருந்தது; மூன்றில் நடக்கவில்லை. ஒரே மரபணு, ஒரே பயிர், ஒரே முறை. வேறுபாடு ஒடுக்கம் மட்டும். இதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடைக்காது.

ஆர்.என்.ஏ.வை அளவுவாரியாகப் பிரிக்க, கூழ் போன்ற ஒரு பரப்பில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். பெரிய துண்டு மெதுவாக நகரும், சின்னது வேகமாக ஓடும். வழக்கமான முறையில் நூற்றுக்கும் குறைவான எழுத்துகள் கொண்ட துண்டுகள் கூழின் அடியைத் தாண்டி வெளியேறிவிடும். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அரிசி புடைக்கும்போது கீழே சிந்தும் குருணையைப் போல, உடைந்துபோன ஆர்.என்.ஏ.வின் மிச்சம் என்றே அது ஒதுக்கப்பட்டது. ஹாமில்டன் அந்தக் குருணையைத்தான் பொறுக்கினார். பெரிய மூலக்கூறுகளை முதலில் வீழ்படிவாக்கி விலக்கிவிட்டு, மிஞ்சிய சிறியவற்றை அடர்த்தியான கூழில் ஓட்டினார். அதை ஒரு சவ்வின்மேல் படியவைத்து, எதிர் இழையை மட்டும் பிடிக்கக்கூடிய கதிரியக்கத் துருவியைச் சேர்த்து, எக்ஸ்-ரே தகட்டைப் போல ஒரு பிம்பத்தில் பார்த்தார்.

ஒடுக்கம் நடந்த இரண்டு வரிசைகளிலும் கீழே ஒரே இடத்தில் ஒரு கறுத்த பட்டை. மற்ற மூன்றிலும் அந்த இடம் வெறுமை. அளவு ஏறத்தாழ 25 எழுத்துகள். நேர் இழைக்குரிய துருவியால் பார்த்தபோது அதே அளவில் நேர் இழைத் துண்டுகளும் அங்கே இருந்தன. புகையிலையில் வேறொரு மரபணுவுக்கும், பச்சையாக ஒளிரும் செடிக்கும், உருளைக்கிழங்கு எக்ஸ் வைரஸ் தொற்றிய செடிக்கும் இதே சோதனையைச் செய்தார்கள். ஒடுக்கம் இருந்த இடமெல்லாம் 25 எழுத்துத் துண்டு இருந்தது. இத்தகைய துண்டுகளைத்தான் இன்று குறு ஆர்.என்.ஏ. என்கிறோம். 1999 அக்டோபர் 29 தேதியிட்ட ‘சயின்ஸ்’ இதழில் மூன்றே பக்கத்தில் இது வெளிவந்தது. உயிரியலில் மூன்று பக்கத்தில் இவ்வளவு பெரிய கதவைத் திறந்த கட்டுரைகள் மிகச் சிலவே.

இவ்வளவு சின்னத் துண்டு போதுமா என்று கேட்கலாம். ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள் நான்கு. 20 இடங்களில் நான்கு எழுத்துகளை மாற்றி மாற்றி வைத்தால் ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட வரிசைகள் வரும். நெல்லின் முழு மரபுத் தொகுதியே ஏறத்தாழ 40 கோடி எழுத்துகள்தான். ஆகவே இருபத்துச் சொச்சம் எழுத்துகள் இருந்தால், செல்லுக்குள் திரியும் ஆயிரமாயிரம் செய்திகளில் உரியதைக் கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கடுத்த மூன்று ஆண்டுகள் மளமளவென்று ஓடின. ஈயின் செல்களில் இரட்டை இழையைத் துண்டு துண்டாக நறுக்கும் நொதி 2001இல் பிடிபட்டு, டைசர் என்று பெயர் பெற்றது. அதைப் போன்ற நொதியின் மரபணு தாவரத்தில் ஏற்கெனவே பல பெயர்களில் திரிந்துகொண்டிருந்தது! கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியில், ஒரு குழு அதைச் சூலுறை குட்டையாகப்போன திரிபாகக் கண்டிருந்தது. இன்னொரு குழு பூவின் நடுவே சூலகம் கட்டுக்கடங்காமல் பெருகும் திரிபாகக் கண்டிருந்தது. மூன்றாவது குழு கருவிலேயே வளர்ச்சி நின்றுபோகும் திரிபாகக் கண்டிருந்தது. எல்லாம் ஒரே மரபணு. அனிமேஷ் ராய் உள்ளிட்ட நால்வர் 2002இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே யானையைத் தடவிய குருடர்களைக் கொண்டுவந்தார்கள். அந்த நொதி கெட்டால் கருவும் பூவும் இலையும் ஒருசேரக் கெடுகின்றன. இது ஒன்றே பெரிய உண்மையைச் சொல்லிவிட்டது. குறு ஆர்.என்.ஏ. வைரஸுக்கு எதிரான காவல் மட்டும் அல்ல. செடி தன் சொந்த மரபணுக்களை ஆளும் முறையும் அதுவே.

குறு ஆர்.என்.ஏ.வைக் கையில் ஏந்தி இலக்கை வெட்டும் புரதத்துக்கு ஆர்கோநாட் என்று பெயர். அந்தப் பெயரும் அராபிடாப்சிஸிலிருந்து வந்ததுதான். 1998இல் கண்ட ஒரு திரிபில் இலைகள் குறுகிச் சுருண்டு, ஆர்கோநாட் என்ற கடல் ஆக்டோபஸின் கைகளைப் போல இருந்தன. இன்று மனிதச் செல்லிலும் அந்தப் புரதத்துக்கு இதே பெயர்தான் வழங்குகிறது.

2002இல் மாசசூசெட்ஸில் டேவிட் பார்டலும், டெக்சாஸில் தாவர ஆய்வாளரான அவர் உடன்பிறந்த பானி பார்டலும் சேர்ந்து அராபிடாப்சிஸில் 16 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை, அதாவது செடி தன் சொந்த மரபணுக்களை ஆளப் பயன்படுத்தும் குறு ஆர்.என்.ஏ.க்களை, விவரித்தார்கள். அவற்றில் எட்டு, ஓர் எழுத்தும் மாறாமல் நெல்லிலும் இருந்தன. கடுகினத்தின் முன்னோரும் நெல்லின் முன்னோரும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அத்தனை காலமும் அந்த வரிகளில் கைவைக்க இயற்கை சம்மதிக்கவில்லை. கேரிங்டன், சூமெய் சென் ஆகியோரின் குழுக்களும் அவ்வாண்டே தாவர மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை வெளியிட்டன. இவற்றின் இலக்குகளைத் தேடியபோது பெரும்பாலானவை சாதாரண நொதி மரபணுக்கள் அல்ல, மற்ற மரபணுக்களை இயக்கும் மேலதிகார மரபணுக்கள் என்று தெரிந்தது. ஒரு குறு ஆர்.என்.ஏ. அசைந்தால் அதன் கீழே ஒரு படையே அசையும்.

எடுத்துக்காட்டுக்கு, 156 என்ற எண்ணுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பாருங்கள். இளஞ்செடியில் இது மிகுதி. வயது ஏற ஏறக் குறைகிறது. இது குறைந்தால்தான் செடி பருவமடைந்து பூப்பதற்கு ஆயத்தமாகும். நெல்லில் இது ஒரு மேலதிகார மரபணுவின் செய்தியை வெட்டிக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. சீனாவில் லி ஜியாயாங்கின் குழு 2010இல் ஒரு நெல் வகையில், வெட்டு விழ வேண்டிய அந்த இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டது. வெட்டு சரியாக விழவில்லை. மரபணு கூடுதலாக இயங்கியது. பயிர் குறைவாகத் தூர் கட்டியது, தண்டு தடித்தது, கதிரில் மணி கூடியது. பொக்குத் தூர்களைக் கண்டு வருந்தும் எந்த உழவருக்கும் அந்த ஓர் எழுத்தின் விலை புரியும்.

24 எழுத்துகள் கொண்ட குறு ஆர்.என்.ஏ.க்களின் இன்னொரு கூட்டம் உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ.வின்மேல் முத்திரை வைக்கிறது. வாசெனெக்கர் கண்ட முத்திரை இதுதான். மரபுத் தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்களை அது அடக்கி வைக்கிறது. மக்காச்சோளத்தின் மரபுத் தொகுதியில் ஏறத்தாழ 85 விழுக்காடு இத்தகைய தாவும் கூறுகளின் எச்சம். அவை எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டால் மக்காச்சோளம் என்று ஒரு பயிரே இராது. இதைத் தனிப் பகுதியாகவே எழுத வேண்டும். இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன்.

மதுரைக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. உளுந்து பயிரிடுவோருக்கு மஞ்சள் தேமல் என்றால் வயிறு கலங்கும். வெள்ளை ஈ பரப்பும் அந்த வைரஸ் இலையைப் பொன்மஞ்சளாக்கிக் காய்ப்பைக் கெடுத்துவிடும். அது டி.என்.ஏ. வைரஸ். இரட்டை இழை ஆர்.என்.ஏ. அதையும் அடக்குமா என்பது அன்று திறந்த கேள்வி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கே. வேலுத்தம்பி, பி.வி. சிவபிரசாத் ஆகியோரும், சுவிட்சர்லாந்தின் பாசலில் இருந்த மிகைல் புகின், தாமஸ் ஹோன் ஆகியோரும் சேர்ந்து அந்த வைரஸின் இயக்குப் பகுதிக்கு ஒத்த இரட்டை இழையை உண்டாக்கும் டி.என்.ஏ.வை நோயுற்ற உளுந்துச் செடிகளுக்குள் செலுத்தினார்கள். செடிகள் தேறின. 2003இல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ இதழில் வெளிவந்த அந்தச் சிறு கட்டுரை, டி.என்.ஏ. வைரஸுக்கு எதிராகவும் இந்த ஆயுதம் செல்லும் என்று காட்டிய தொடக்ககாலச் சான்றுகளில் ஒன்று. அடுத்த ஆண்டே பி. செல்லப்பன், ஆர். வனிதாராணி ஆகியோர் அமெரிக்காவில் கிளோட் ஃபோகேயின் குழுவில், தேமல் நோயிலிருந்து தேறும் மரவள்ளிச் செடிகளில் குறு ஆர்.என்.ஏ. மிகுந்தும், தேறாதவற்றில் மிகக் குறைந்தும் இருப்பதைக் காட்டினார்கள். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக் காட்டில் நடப்பவர்கள், கீழ் இலை சுருண்டும் மேல் இலை தெளிந்தும் நிற்கும் செடியைப் பார்த்திருக்கலாம். விங்கார்ட் 1928இல் பார்த்தது அதைத்தான்.

இனி, மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். 2006 அக்டோபரில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஃபயருக்கும் மெல்லோவுக்கும் கிடைத்தது. அவர்கள் தகுதியானவர்கள்; ஐயமே இல்லை. ஆனால் தாவரத்தில் நடந்த அடித்தள வேலையைப் பரிசுக் குழு கண்டுகொள்ளவில்லை என்று தாவர ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் நியாயம் இருந்தது. 2008இல் லாஸ்கர் பரிசு வந்தபோது பால்கோம்ப், விக்டர் ஆம்ப்ராஸ், கேரி ருவ்கன் ஆகிய மூவரும் ஒன்றாகவே நின்றார்கள். 2024இல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்காக மீண்டும் நோபல் அறிவிக்கப்பட்டது. அந்த மூவரில் புழுவை ஆராய்ந்த ஆம்ப்ராஸும் ருவ்கனும் பெற்றார்கள். செடியை ஆராய்ந்த பால்கோம்ப் பெறவில்லை. ஒரு நோபலை மூவர் வரை பகிரலாம் என்பது விதி. இரண்டு முறையும் இருவருக்கே கொடுத்து, மூன்றாம் இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். அந்த இடம் தாவர ஆய்வாளர் ஒருவருக்குப் போயிருக்க வேண்டும் என்பதே என் தீர்ப்பு.

அடுத்த பகுதியில் மக்காச்சோள வயலுக்குப் போவோம். தாவும் மரபணுக்களைத் தனி ஒருவராகக் கண்டுபிடித்த பார்பரா மெக்லின்டாக்கின் குறிப்பேடுகளும், அவற்றை அடக்கி வைக்கும் 24 எழுத்துத் துண்டுகளும் எப்படி ஒரே கதையில் வந்து சேர்ந்தன என்பதை அங்கே பார்க்கலாம்.

(தொடரும்)